பைக் திருடு போய் 19 நாள், எஃப்ஐஆர் இன்னும் இல்லை

வணக்கம். மதுரையில் வழக்கறிஞர்கள், விவரம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

வைகை வடகரைச் சாலையோரம் நிறுத்தியிருந்த என் பைக் (ஸ்ப்ளெண்டர் பிளஸ், 2019, கறுப்பு) காணாமல் போய்விட்டது. இரவு எட்டு மணிக்கு நிறுத்தி, பரோட்டா சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரத்தில் வந்தால் வண்டி இல்லை. ஹேண்டில் லாக் போட்டிருந்தேன், சாவி என்னிடமே இருக்கிறது.

முதலில் போன ஸ்டேஷனில் "எங்கள் எல்லை இல்லை" என்றார்கள். அடுத்த ஸ்டேஷனிலும் அதே பாட்டு. எல்லை எதுவானாலும் புகாரை வாங்க வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவு சொல்கிறதே என்று கேட்டேன். ஒருவழியாக வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது (புகார் வந்ததற்கான ஒப்புகை) மட்டும் தந்தார்கள். கடைக்காரரின் சிசிடிவி பதிவையும் பென்டிரைவில் கொடுத்திருக்கிறேன், ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தெரிகிறது. அப்புறம் நாலு தடவை நடந்தாச்சு, "ஐயா பந்தோபஸ்தில் இருக்கிறார்" என்பதுதான் பதில். (சித்திரைத் திருவிழாகூட இல்லை இப்போது!) எஃப்ஐஆர் இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது.

173(4)இன்படி துணை ஆணையருக்குப் பதிவுத் தபால் அனுப்பி 8 நாள் ஆகிறது. பதில் இல்லை.

இனி நேரடியாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாமா, இல்லை இன்னும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?