புதுப்பிப்பு: பியூட்டேன் ஒருவழியாகச் சமன் ஆனது

போன வாரம் புலம்பியிருந்தேனே, கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கும் அக்கா மகள், சமையல் கேஸில் இருக்கும் பியூட்டேன் எரியும் வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வதில், அதாவது இரு பக்கமும் அணு எண்ணிக்கையை ஒன்றாக்குவதில், மாட்டிக்கொண்டாள் என்று. ஆக்சிஜனிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது நான்தான். தப்பு என்னுடையது. ஆக்சிஜனைக் கடைசியில் வையுங்கள் என்று இங்கே சொன்னவர்களுக்கு நன்றி.

திண்ணையில் புளியங்கொட்டையைப் பரப்பி உட்கார்ந்தோம். பியூட்டேனில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. அது ஆக்சிஜனில் எரிந்தால் வலப்பக்கம் வருவது கார்பன் டைஆக்சைடும் தண்ணீரும். அப்போ கார்பன் டைஆக்சைடு 4, தண்ணீர் 5. வலப்பக்க ஆக்சிஜனை எண்ணினால் 8-ம் 5-ம், 13 அணு. ஆக்சிஜனோ ஜோடி ஜோடியாகத்தான் வரும். ஜோடிக்கு ஒரு கொட்டை வைத்தால் ஆறரைக் கொட்டை! "கொட்டையை உடைக்கவா மாமா?" என்றாள். வேண்டாம், எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கு என்றேன். பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டைஆக்சைடு 8, தண்ணீர் 10. இரு பக்கமும் ஆக்சிஜன் 26.

அவளுடைய பழைய குறுக்குவழி, தண்ணீரில் ஆக்சிஜனுக்கு அடியில் ஒரு 2 சேர்த்துவிடுவது. அது ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணைக் கழுவும் மருந்து, குடிக்கிற தண்ணீர் இல்லை என்றதும் சிரித்துவிட்டாள். அடியில் உள்ள எண்ணை இப்போது தொடுவதில்லை.

அடுத்தது புரோப்பேன். அதில் அரை வராது, அதை அவளே தனியாகப் போடட்டும்.