புதுப்பிப்பு: ஹாலோ நைட் இசைத்தொகுப்பு கிடைத்துவிட்டது (ஸ்டீம் ஃபோல்டர் + பேண்ட்கேம்ப்)

ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் வாங்கிய, ஹாலோ நைட் என்ற வீடியோ விளையாட்டின் பாடல்கள் கணினியில் எங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றை போனுக்கு மாற்றுவது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேலை செய்தது, லைப்ரரியில் இசைத்தொகுப்பின் மேலேயே ரைட் கிளிக் செய்து 'மேனேஜ்' வழியாக லோக்கல் ஃபைல்களைத் திறக்கச் சொன்ன யோசனைதான். நான் விளையாட்டின் ஃபோல்டரையே குடைந்துகொண்டிருந்தேன். 2020 முதல் ஸ்டீமில் இசைத்தொகுப்பு தனிப் பொருள். விளையாட்டை வாங்காமலேயே அதை மட்டும் வாங்கலாம், ஃபைல்கள் 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் 'மியூசிக்' என்ற இடத்தில் இறங்கும். அங்கிருந்து போனுக்கு நேரே காப்பி.

ஸ்டீம் செட்டிங்ஸில் மியூசிக் பகுதியில் உயர்தர ஆடியோவை இறக்க ஒரு டிக் உண்டு. வெளியிட்டவர் தந்திருந்தால்தான் பலன்.

எதிர்பாராதது: அதே விளையாட்டின் கூடுதல் இசையான 'காட்ஸ் அண்ட் நைட்மேர்ஸ்' தனி ஆல்பம், தனி விலை. அதை இன்னொருவர் சொன்னபடி இசையமைப்பாளர் கிறிஸ்டோபர் லார்கினின் பேண்ட்கேம்ப் (இசை விற்கும் தளம்) பக்கத்தில் வாங்கினேன். ஃப்ளாக் (தரம் குறையாத ஆடியோ ஃபைல்), எம்பி3 என்று வேண்டியதைத் தேர்ந்தெடுத்து இறக்கலாம். ஹெட்போனில் கேட்பவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

பேண்ட்கேம்ப்பில் பணம் கட்டும்போது கார்டு முதலில் மறுக்கப்பட்டது. ஸ்டீம் ரூபாயில் வாங்குவதால் அங்கே இந்தத் தொல்லை வந்ததில்லை. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்ததும் போய்விட்டது. ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் அது அணைந்தே வரும். வாங்கி முடித்ததும் திரும்ப அணைத்துவிடுங்கள்.