"பாத்து இருங்க" போதாது, "கிளம்புங்க" என்று சொல்லுங்கள்

அன்புள்ள சொந்தங்களே,

புயல் எச்சரிக்கை வந்ததும் வெளியூரில் இருக்கும் நாம் எல்லாருமே கடலோரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போன் போடுகிறோம். "பாத்து இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். வெளியேறச் சொல்லும் அறிவிப்பைக் கேட்டவுடன் வீட்டைப் பூட்டிக் கிளம்புபவர்கள் குறைவு. அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்பார்கள். அந்த நேரத்தில் நாம் "மழை இல்லையா? அப்ப சரி" என்றால் அங்கேயே இருந்துவிடுவார்கள். நம் வார்த்தைக்கு அவ்வளவு கனம் இருக்கிறது.

வானத்தைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. கடலோரத்தில் காற்றைவிட அதிக உயிரைக் கொண்டுபோவது, புயலோடு பல மீட்டர் உயர்ந்து ஊருக்குள் ஏறும் கடல்தான். காற்று பலத்த பிறகு மரம் விழுந்து பாதை அடைபட்டுவிடும், வண்டியும் வராது. நடுவில் புயலின் கண், அதாவது அதன் அமைதியான மையம், கடக்கும்போது எல்லாம் ஓய்ந்த மாதிரி இருக்கும். அதை நம்பி வெளியே வந்தால், எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரைக்குப் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் 50க்கும் குறைவு. புகலிடக் கட்டடங்களும் நல்ல வானிலைக் கணிப்பும் இருந்தன, உண்மைதான். ஆனால் மக்கள் கிளம்பியிருக்காவிட்டால் அவை எதற்கு?

"போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, ஒண்ணும் வரல" என்பார்கள். புயலின் பாதை கடைசி நாளில்கூடப் பல கிலோமீட்டர் விலகும். அதனால்தான் நீண்ட கரைக்குச் சேர்த்து எச்சரிக்கிறார்கள்.

இதைவிடக் கடினம், வாய்விட்டுச் சொல்லாத காரணங்கள். முகாமில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற கவலை பெண்களுக்கு. நடக்க முடியாத பெரியவர்களுக்கு, நம்மைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்ற கூச்சம். மாட்டை என்ன செய்வது, திருடன் வந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு. தயவுசெய்து அதட்டாதீர்கள், எது தடுக்கிறது என்று கேளுங்கள். முகாம் பிடிக்கவில்லையா, மேட்டுப் பகுதியில் மாடி வீடு உள்ள உறவினரிடம் நீங்களே பேசி ஏற்பாடு செய்யுங்கள். மாட்டையும் மேட்டுக்கு ஓட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அவிழ்த்தாவது விடட்டும். கட்டிப்போட்ட மாடு தப்பாது. மாத்திரை, ஆதார், பத்திரம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். யார் வண்டி கொண்டுவருவார், எத்தனை மணிக்கு என்பதை அந்த அழைப்பிலேயே முடிவு செய்யுங்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அப்புறம், சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு ஓயாமல் கூப்பிடாதீர்கள். மின்சாரம் போனால் போனில் இருக்கும் சார்ஜ்தான் அவர்களுக்கு மிச்சம்.