பைனரி ப்ளான்: ஆள் சேர்ப்பா, விற்பனையா?

வழிப்போக்கன்: தொடர் விற்பனை (எம்எல்எம்) கம்பெனியில் சேர அழைப்பு. பைனரி ப்ளான். பொருள் விற்றாலும் கமிஷன், ஆள் சேர்த்தாலும் கமிஷன் என்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் எதைப் படிக்க வேண்டும்?

கணக்கர்: 'ஆக்டிவ்' விதியை. மற்றதெல்லாம் அப்புறம். பைனரியில் உங்களுக்குக் கீழே இடது, வலது என இரண்டே லெக், அதாவது கிளை. கமிஷன் மெலிந்த லெக்கின் கணக்கில்தான் வரும். இடதில் விற்பனைக்கு 900 பாயின்ட், வலதில் 200 என்றால் இரண்டு பக்கமும் ஜோடி சேர்ந்து மேட்ச் ஆவது 200. மீதி 700 அடுத்த சுற்றுக்குப் போகும், அதுவும் உங்கள் உறுப்பினர் ஐடி ஆக்டிவாக இருந்தால்தான். அதற்கு மாதாமாதம் நீங்களே குறிப்பிட்ட பாயின்டுக்கு வாங்க வேண்டும். ஒரு மாதம் தவறினால் பல ப்ளான்களில் அந்த 700 அப்படியே ஃப்ளஷ், அழிந்துவிடும்.

'உங்களுக்குக் கீழே நாங்களே ஆள் போட்டுத் தருகிறோம்' என்பார்கள், ஸ்பில்ஓவர். அது விழுவது ஏற்கெனவே கனமாக இருக்கும் லெக்கில். அப்லைன், அதாவது உங்களுக்கு மேலே இருப்பவர், வளர்ப்பது தன்னுடைய ஒரு பக்கத்து ஓர வரிசையை. உங்கள் மெலிந்த லெக் அந்த வரிசையில் இல்லை. அதை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

நேர்விற்பனை: கணக்கர் சார் ப்ளானை மட்டும் பேசுகிறார், பொருளை விட்டுவிட்டார். 1979-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன், நேர்விற்பனைக் கம்பெனியான ஆம்வே வழக்கில் 'இது பிரமிட் (ஆள் சேர்ப்புப் பணத்தில் ஓடும் மோசடி) அல்ல' என்றே தீர்ப்புச் சொன்னது. விற்காத சரக்கைத் திரும்ப எடுக்கும் விதி, வாங்கியதில் 70 சதவீதத்தையாவது விற்றிருக்க வேண்டும் என்ற விதி, மாதம் 10 சில்லறை வாடிக்கையாளருக்காவது விற்க வேண்டும் என்ற விதி, இந்த மூன்றையும் வைத்துத்தான். இவை இருக்கும் கம்பெனியையும் வெறும் ஜாயினிங் பீஸில் ஓடும் கம்பெனியையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

கணக்கர்: அதே தீர்ப்பு விலை நிர்ணய விஷயத்தில் ஆம்வேயைக் குற்றம் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விதி இருக்கிறது, சரி. சரிபார்ப்பது யார்? ஆர்டர் போடும்போது '70 சதவீதம் விற்றுவிட்டேன்' என்று ஒரு டிக் அடித்தால் முடிந்தது என்றால் அது விதியே இல்லை. 2016-ல் ஹெர்பலைஃப் என்ற இன்னொரு தொடர் விற்பனை கம்பெனி அதே டிரேட் கமிஷனோடு செய்துகொண்ட சமரசத்தைப் பாருங்கள்: 20 கோடி டாலர் போக, விநியோகஸ்தருக்குத் தரும் வெகுமதியில் மூன்றில் இரண்டு பங்காவது சரிபார்க்கப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்ற நிபந்தனை. டிக் அடிப்பது போதாது என்றுதானே அர்த்தம்?

தாமரைச்செல்வி: ஆளுக்கு 5 பேர் என்று போனால் 15-ம் அடுக்கில் மட்டும் 3,000 கோடி பேர் வேண்டும். உலகத்தில் அவ்வளவு ஆள் ஏது?

நேர்விற்பனை: பழைய கணக்கு. எந்த மரமும் அப்படி முழுதாக நிரம்பாது, பாதிப்பேர் சேர்க்கவே மாட்டார்கள்.

கணக்கர்: இதில் அவர் சொல்வது சரி, தாமரை. ஆள் தீர்ந்துபோகும் என்பது பலவீனமான வாதம். அடுக்கின் பங்கைப் பாருங்கள். 5 பேர் மரம் எந்த அளவில் நின்றாலும் கடைசி அடுக்கில் சுமார் 80 சதவீதம், கடைசி இரண்டில் சுமார் 96. கீழே இரண்டு அடுக்கு நிறைந்தால்தான் செலவு போக மிஞ்சும் என்ற ப்ளானில், எவ்வளவு உழைத்தாலும் 4 சதவீதத்துக்கு மேல் அங்கே இடமில்லை. சோம்பேறித்தனம் என்று டவுன்லைனை, அதாவது கீழே சேர்ந்தவர்களை, திட்டுவதில் பயனில்லை.

நேர்விற்பனை: அந்தக் கடைசி அடுக்கில் எல்லோரும் வருமானத்துக்கா வந்தார்கள்? உறுப்பினர் விலையில் பொருள் வாங்க மட்டும் ஐடி எடுத்தவர்கள் ஏராளம். அவர்களை 'தோற்றவர்கள்' கணக்கில் சேர்ப்பது நியாயமா?

கணக்கர்: நியாயமில்லைதான். ஆனால் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. தேவைக்கு வாங்குபவரின் ஆர்டர் எந்தத் தேதியிலும் வரும், 37 பாயின்டாகவும் இருக்கும், 81 ஆகவும் இருக்கும். மாதக் கடைசி இரவில், ஆக்டிவ் வரம்பு 50 என்றால் கூட்டிக் கழித்துச் சரியாக 50-க்கு வரும் ஆர்டர் ஐடி செத்துவிடக் கூடாது என்பதற்காக வாங்கியது. அந்தச் சரக்கு கட்டிலுக்கு அடியில் போகும்.

நேர்விற்பனை: அதற்குத்தான் பைபேக், விற்காத சரக்கைக் கம்பெனியே திரும்ப எடுக்கும் விதி.

கணக்கர்: அதன் பொடி எழுத்தைப் படித்தீர்களா? சீல் உடையக் கூடாது, காலாவதிக்கு இத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும், கையாளும் செலவு கழிக்கப்படும். இன்னொன்று: சரக்கு திரும்பினால் அதில் அப்லைன் வாங்கிய கமிஷனையும் கம்பெனி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 'திருப்பாதே, இன்னும் ஒரு மாதம் பார்' என்ற அறிவுரை மேலிருந்து வருகிறது.

வழிப்போக்கன்: ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர் வெளியே வருவது எப்படி?

கணக்கர்: முதலில் ஆட்டோஷிப்பை (மாதாமாதம் தானாகப் போகும் ஆர்டரை) எழுத்தில் நிறுத்தி, கார்டில் கொடுத்த அனுமதியை வங்கியிலும் ரத்து செய்யணும். ஐடியை உடனே மூடக் கூடாது. பைபேக் கோரிக்கை அந்த லாகின் வழியாகத்தான் போகும் என்றால் சிக்கல். சரக்கை பில், பேட்ச் எண்ணோடு கம்பெனிக்கே நேரடியாக அனுப்பணும், அப்லைன் கையில் கொடுக்கக் கூடாது.

நேர்விற்பனை: கடைசி வரியில் மட்டும் உடன்படுகிறேன். அப்லைனிடம் கொடுத்த சரக்கு அவர் அடுத்துச் சேர்ப்பவருக்குத் தரும் ஜாயினிங் கிட்டுக்குள் போய்விடும்.