வால்பாறைக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு

நான்: மாமா, காரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது. கார் வழுக்கிப் போகிற மாதிரி படம். ஞாயிறு வால்பாறைக்கு அப்படியே எடுத்துப் போகலாமா?

அம்மா: விளக்கு எரிகிற வண்டியில் மலை ஏற வேண்டாம்.

மாமா: அது இஎஸ்சி விளக்கு, வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு. எப்போதிருந்து எரிகிறது? அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாய்?

நான்: செவ்வாய்க்கிழமை முன் டயர் இரண்டும் மாற்றி அலைன்மென்ட் (சக்கரங்களை நேராக்குவது) பார்த்தேன். மறுநாள் காலையில் விளக்கு வந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், சி0051 என்று ஒரு பிழைக் கோடு (code) காட்டியது. ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் போய்விட்டதாம், 14 ஆயிரம் ஆகுமாம்.

மாமா: சென்சாருக்கு இப்போது பணம் கொடுக்காதே. கோடு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா? அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுக்கச் சொல். நீ ஓட்டிக்கொண்டே எடுக்காதே.

அக்கா: [படம்] மாமா, அவிநாசி ரோட்டில் எடுத்தேன். வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

மாமா: அதுதான் விஷயம். ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்திப் பூட்டாமல் டை ராடை, அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பியை, திருப்பியிருக்கிறார்கள். சக்கரம் நேராகிவிட்டது, ஸ்டீயரிங் கோணலாகிவிட்டது.

அந்தச் சென்சார் ஸ்டீயரிங் வீலுக்குப் பின்னால் இருக்கும். நீ எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்புகிறாய் என்று சொல்வது அதன் வேலை. வண்டி உண்மையில் எப்படித் திரும்புகிறது என்று வேறொரு சென்சார் சொல்லும். இரண்டும் ஒத்துவராவிட்டால் வண்டி வழுக்குவதாக நினைத்து இஎஸ்சி ஏதாவது ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும். கணக்கே நம்பும்படி இல்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும். உன் வண்டியில் நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மா: அப்படியென்றால் பிரேக்?

மாமா: சாதா பிரேக் பிடிக்கும்மா. ஈர ரோட்டில் வளைவில் வண்டி இழுத்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. சரி செய்யாமல் போகக் கூடாது.

நாளை ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது சென்சார் அந்த நேரத்தில் சொல்கிற எண், பார்க்கச் சொல். பிரேக்கைக் கவனிக்கிற ஏபிஎஸ் பக்கத்துக்குள் போகிற ஸ்கேனராக இருக்க வேண்டும்; இஞ்சின் கோடு மட்டும் படிக்கிற சின்னக் கருவிகள் பெரும்பாலும் உதவாது. சக்கரம் நேராக இருக்கும்போது என்ன எண் வருகிறது என்று பார். அப்புறம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பு. எண் சீராக ஏறி இறங்கினால் சென்சார் நல்லது. நடுவில் தாவினாலோ, அப்படியே நின்றாலோதான் சென்சாரையும் வயரையும் சந்தேகப்பட வேண்டும். ஹாரன் வேலை செய்கிறதா?

நான்: ஹாரன் அடிக்கிறது. ஏர்பேக் விளக்கும் இல்லை.

மாமா: நல்லது. அப்படியென்றால் உள்ளே ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகிற சுருள் வயர், கிளாக் ஸ்பிரிங், அறுந்திருக்காது. யார் சொன்னாலும் ஸ்டீயரிங் வீலைக் கழற்ற விடாதே, அதற்குள் ஏர்பேக் இருக்கிறது.

வெள்ளி, மதியம்

நான்: மாமா, பார்த்தாகிவிட்டது. சக்கரம் நேராக இருக்கும்போது 9 டிகிரி காட்டியது. திருப்பும்போது ஒரு இடத்தில்கூட எண் தாவவில்லை.

மாமா: சென்சார் தங்கம் மாதிரி இருக்கிறது. இனி வரிசை முக்கியம். முதலில் ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டி அலைன்மென்ட். அதற்குப் பிறகுதான் ஸ்கேனரில் ஜீரோ கேலிபிரேஷன், அதாவது எது நேர் என்று சென்சாருக்குச் சொல்லிக்கொடுப்பது. மாற்றிச் செய்தால் கோணலையே நேர் என்று பதிந்துகொள்ளும்.

வெள்ளி, மாலை

நான்: முடிந்தது மாமா. இப்போது 0.4 டிகிரி. கோடை அழித்துவிட்டு 12 கிலோமீட்டர் ஓட்டினேன், விளக்கு வரவில்லை. அலைன்மென்ட் கடையில் தப்பை ஒப்புக்கொண்டு காசு வாங்கவில்லை. கேலிபிரேஷனுக்கு மட்டும் 600 கொடுத்தேன்.

அக்கா: [படம்] ஸ்டீயரிங் நேராக நிற்கிறது பாருங்கள்!

அம்மா: அப்பாடா. அண்ணா, ஞாயிறு நீங்களும் எங்களோடு வந்துவிடுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்.

மாமா: வருகிறேன்மா. ஆழியாறு வரைக்கும் வண்டியை நான் ஓட்டிப் பார்க்கிறேன்.