புதுப்பிப்பு: பனி அள்ள கம்பளி மேற்சட்டை போதுமா?

டிசம்பரில் கேட்டிருந்தேன்: கனடாவில், ஸ்காபரோவில் பனி அள்ளும் வேலைக்குத் தடித்த ஜாக்கெட்டுக்குப் பதில் கம்பளி மேற்சட்டை போதுமா என்று. மூன்று மாதம் போட்டுப் பார்த்தாயிற்று.

மைனஸ் 10 வரைக்கும், கை ஓயாமல் அள்ளிக்கொண்டிருந்தால், தாராளமாய்ப் போதும். ஜாக்கெட்டுக்குள் அவிந்து, பிறகு அந்த வியர்வையிலேயே நடுங்குவது நின்றுவிட்டது. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்தாலும் உடம்புக்கு நனைந்தமாதிரித் தெரியாது. ஆனால் காற்று! ஏரிப்பக்கமிருந்து அடித்தால் ஊசிபோல இறங்குகிறது. மேலே மெல்லிய காற்றுத்தடுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

உள்ளே பருத்தி பெனியன் போடாதே என்று ஒரு அண்ணை எழுதியிருந்தார். கேட்காமல் போட்டு ஒருநாள் விறைத்துப்போனேன். சரிதான் அண்ணை.

இன்னொன்று: சுடுதண்ணீரில் தோய்த்ததில் சட்டையின் கை இரண்டு அங்குலம் சுருங்கிவிட்டது. சட்டை இப்போது தம்பியிடம்.