பூகம்ப இடிபாட்டுக்கு உதவப் போன நம்ம ஊர்க்காரங்க, இன்னும் உறுத்துற ஒண்ணை எழுதுங்க

சிம்மக்கல்:
2001 ஜனவரி 26, குஜராத்துல கட்ச் பூகம்பம். முன்கதை எல்லாருக்கும் தெரியும், நேரா வர்றேன். அங்க பச்சாவ்ங்கிற ஊர்ல ஒரு ஆளு, ரெண்டு தொடையும் ஸ்லாப்புக்கு அடியில. மாட்டி ஒரு நாளைக்கு மேல ஆச்சு. தெளிவாப் பேசுறார், தண்ணி கேக்குறார், வலியே இல்லைங்கிறார். ஸ்லாப்பைத் தூக்கி வெளிய எடுத்ததும் சுத்தி நின்னவங்க கை தட்டினாங்க. கால் மணி நேரத்துல மூச்சு நின்னுபோச்சு.

நசுங்கின சதையில இருந்து பொட்டாசியம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். கல்லு அழுத்துற வரைக்கும் அது காலோட நிக்கும். கல்லை எடுத்ததும் மொத்தமும் நெஞ்சுக்கு வந்து துடிப்பை நிறுத்திடும். அதுல தப்பிச்சா அடுத்தது கிட்னி. சதையில இருந்து வர்ற மையோகுளோபின்ங்கிற புரதம் கிட்னியில போய் அடைச்சு, மூத்திரம் கடுங்காப்பி நிறத்துல வரும், அப்புறம் வராமலே நின்னுடும். அதனால கல்லை அசைக்கிறதுக்கு முன்னாடியே டாக்டரோ நர்ஸோ ஊசி ஏத்தி சலைன் ஓடணும். பெரியவங்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர், குழந்தைக்கு மணிக்கு கிலோவுக்கு 15-லிருந்து 20 மில்லி. நார்மல் சலைன் மட்டும்தான். ரிங்கர் லாக்டேட்ங்கிற இன்னொரு டிரிப் கூடாது, அதுலயே பொட்டாசியம் இருக்கு. 'வலி இல்லை'ங்கிறது நல்ல சேதி இல்லைங்க.

மேலூர் கல்லுக்காரன்:
அண்ணே, சலைன் சரி. ஊசி குத்தக் கை நுழையணும்ல?

எங்க பக்கத்து குவாரி ஆளுங்க நாலு பேர் இருந்த டீமு ஒண்ணு கட்ச்சுக்குப் போச்சு. கிரானைட்டுன்னா நரம்பு பார்த்து ஆப்பு வச்சு, எந்தக் கோட்டுல பிளக்கும்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. கான்கிரீட்டுக்கு நரம்பு ஏது? அடிச்சா ஜல்லி உதிருது, கம்பி விட மாட்டேங்குது. வழியை மறிச்சுக்கிட்டு முறுக்கி நின்ன ஒரு கம்பியைக் கட்டர் போட்டு அறுத்தாங்க. ஸ்லாப் ஒரு சாண் கீழ இறங்குச்சு. அந்தக் கம்பிதான் அதைத் தாங்கி நின்னுருக்கு. அடியில அப்ப யாரும் இல்லை. இருந்திருந்தா? கம்பியை அறுக்கிறதுக்கு முன்னாடி முட்டுக் குடுக்கணும், அம்புட்டுதான்.

முட்டுன்னா ஜாக்கி இல்லை. ஜாக்கி தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு கட்டை. ஒரு இன்ச் தூக்கினா ஒரு இன்ச் அடைச்சுடணும். நாலுக்கு நாலு கட்டையை ரெண்டு ரெண்டாக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கணும், ஒவ்வொரு கட்டையும் நாலு இன்ச் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். அடுக்கோட உயரம் அதோட அடிப்பக்க அகலத்தைப் போல மூணு மடங்கைத் தாண்டக் கூடாது. ஜாக்கிக்கு அடியில இரும்புத் தகடு போடலைன்னா அது இடிபாட்டுக்குள்ள புதையும், ஸ்லாப் அப்படியே நிக்கும். இன்னொண்ணு விசில். ஒரு நீள ஊதல்னா வேலையை நிறுத்திட்டுக் காது குடு, மூணு குட்டை ஊதல்னா வெளிய ஓடு, நீளம் ஒண்ணு குட்டை ஒண்ணுன்னா திரும்ப ஆரம்பி. பின்னதிர்வு வர்ற இடத்துல தமிழ்ல கத்தினா யாருக்குப் புரியும்?

உள்ள உசிரு இருக்கிற வரைக்கும் ஜேசிபியை மேல ஏத்த விடாதீங்க.

வாடிப்பட்டி:
ரோட்டோரம் மூட்டை மூட்டையாப் பழைய துணி. ஒத்தைச் செருப்பு, கிழிஞ்ச சுடிதார், நைந்த புடவை. ஜனவரி ராத்திரி கட்ச் குளிர்ல அதை எரிச்சுத்தான் குளிர் காஞ்சாங்க. கம்பளியும் தார்ப்பாயும் கேட்ட ஊருக்கு நாம அலமாரியைக் காலி பண்ணி அனுப்பியிருக்கோம்.

தெப்பக்குளம்:
சௌராஷ்டிரா பேசுறவங்கன்னா குஜராத்தி சமாளிச்சுடலாம்னு எங்க தெருவுல ஒரு நம்பிக்கை. சில வார்த்தை ஒத்துப்போகும், அவ்வளவுதான். அங்க கிழவிகள் பேசினது கட்ச் பக்கத்துக் கட்ச்சி மொழி, அது இன்னொரு தினுசு.

உறுத்துறது அது இல்லை. பெயர்ப் பட்டியல். அவங்க வழக்கத்துல தன் பேர், அப்பா பேர், குடும்பப் பேர்னு மூணும் வரும். ரமேஷ் பிரேம்ஜி படேல்னு சொன்னதை நம்ம பையன் நம்ம வழக்கப்படி 'பி. ரமேஷ்'னு எழுதிட்டான். அதே மாதிரி பி. ரமேஷ் பட்டியல்ல எத்தனையோ. ஒரு அம்மா பலகையில விரல் வச்சு வரி வரியாத் தேடிட்டு, இல்லைன்னு திரும்பிப் போனாங்க. மகன் பேர் மூணாவது வரியில இருந்துச்சு.

மூணு பேரும் முழுசா எழுதுங்க. கூடவே ஊர், தாலுகா, வயசு, எந்த வண்டியில எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்கன்னு. பூஜ் அரசு ஆஸ்பத்திரியே இடிஞ்சு கிடந்ததால அகமதாபாத், ராஜ்கோட்னு ஆளுங்க சிதறிப் போனாங்க, சீட்டு வழியிலேயே தொலையும். மாவுக்கட்டு போட்டா எலும்பு முறிஞ்ச தேதி, கட்டுப் போட்ட தேதி, உள்ள புண் இருக்கா, எல்லாத்தையும் கட்டு மேலயே மார்க்கர்ல எழுதிடணும்.

டி.கல்லுப்பட்டி:
வாடிப்பட்டிக்காரர் பழைய புடவையை மட்டம் தட்டுறதை ஒத்துக்க முடியாது. துவைச்சு, பிரிச்சு அனுப்பின பருத்திப் புடவை கழிப்பறைக்கு மறைப்பாச்சு, பொம்பளைகளுக்கு மாதத் துணியாச்சு. தப்பு புடவை மேல இல்லை, பிரிக்காம அனுப்பினவங்க மேல.

மறைப்பு இல்லாத கழிப்பறைக்குப் பொம்பளைக போக மாட்டாக. போகாம இருக்கத் தண்ணி குடிக்கிறதைக் குறைப்பாக, அப்புறம் நீர்க்கடுப்புன்னு மருந்துக்கு வரிசையில நிப்பாக. மாத்திரை குடுத்து என்ன பிரயோஜனம்? இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, உள்பக்கம் கொக்கி, ராத்திரி வெளிச்சம், குடிதண்ணி எடுக்கிற இடத்துல இருந்து முப்பது மீட்டர் தள்ளி.

தண்ணி தலைக்கு நாளைக்கு 15 லிட்டர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. ஐந்நூறு பேர்னா 7,500 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். அப்படியே தொட்டிக்குள்ள கொட்டாதீங்க. வாளியில கொஞ்சம் தண்ணி விட்டுக் குழப்பிக் கரைச்சு, பத்து நிமிஷம் தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும் ஊத்திக் கலக்கணும். சுண்ணாம்பு மண்டி வெளியிலேயே இருக்கட்டும். அரை மணி நேரம் கழிச்சு குளோரோஸ்கோப்ல, அதாவது தண்ணியில மிச்சம் இருக்கிற குளோரினைப் பார்க்கிற கருவியில, பார்த்தா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டணும். காட்டலைன்னா ரெண்டு காரணம். தண்ணி கலங்கல், இல்லைன்னா மூட்டையைத் திறந்து போட்டு பவுடர் வீரியம் போச்சு. வைகை கலங்கி வர்ற காலத்துல எப்படியோ அப்படித்தான், குளோரினை அழுக்கே தின்னுடும். முதல்ல படிகாரம் போட்டுத் தெளிய வைங்க, பிறகு பவுடர்.

கேட்காமலே நீட்டிட்டேன் போல.

சிம்மக்கல்:
மேலூர்த் தம்பி கேட்டதுக்கு. கை எட்டலைன்னா எந்தக் கையோ காலோ வெளிய தெரியுதோ அதுல ஏத்தலாம், நசுங்கின காலைத் தவிர. எதுவுமே எட்டலை, ஆளு முழு நினைவோட இருக்கார், வயித்துல அடி இல்லைன்னா வெறும் தண்ணி மடக்கு மடக்காக் குடுக்கலாம். இளநீர் கூடாது, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. ஓஆர்எஸ் பொட்டலமும் கூடாது, அதுலயும் இருக்கு.

பச்சாவ்ல அந்த ஆளு தண்ணி கேட்டப்ப குடுத்தது ஓஆர்எஸ் கரைச்ச தண்ணி. ரெண்டு மடக்குல ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். டம்ளர்ல மிச்சம் பாதி இருந்துச்சு.